பூக்குமுன் களைவோம்



தமிழில் 'களை' என்னும் சொல்லுக்கு இருவேறு பொருள் உண்டு. முகத்தில் தோன்றும் பொலிவும் களை. பயிரிடையே தோன்றும் பகையும் களை. முகத்தில் களை கண்டால் மகிழ்கிறோம். வயலில் களை கண்டால் வருந்துகிறோம். இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்கி நிற்கும் செடி ஒன்று நம் திருப்பதியில் எங்கும் மண்டிக் கிடக்கிறது. தெலுங்கு நண்பர்கள் அதனை 'வய்யாரி பாமா' என்பர். ஒய்யாரக்காரி என்பது அதன் பொருள். தாவர நூலார் பார்த்தீனியம் என்பர். கன்னி என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழியாக வந்த பெயர் அது. தெலுங்கிலும் கிரேக்கத்திலும் பெண்ணைக் குறிக்கும் சொல்லால் பெயர் பெற்ற அச்செடி, காண்பதற்கு அழகியதுதான். பச்சைப் பசேலென்ற இலை. மழை பெய்த மறுவாரம் அரிசிப் பொரி இறைத்தாற்போல் வெண்ணிறப் பூ. பூச்செண்டு கட்டுவோர் சிலர் ரோஜாவுக்கு இடையே இதனையும் செருகி விற்பதுண்டு. வாங்குவோரும் மகிழ்ந்து வாங்குகின்றனர்.

நான் வேளாண்மை பயில்பவன் அல்லன், பொருளாதாரம் பயில்பவன். ஆயினும் இச்செடியைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது என் பெரியப்பாவின் கழுத்து.

எங்கள் ஊர் சித்தூருக்கும் பாகாலாவுக்கும் இடையே உள்ளது. வீட்டுக்குள் தமிழ், வீதியில் தெலுங்கு என்று வாழும் ஊர்களுள் அதுவும் ஒன்று. மாந்தோப்பும் வேர்க்கடலைக் கொல்லையும் தவிர வேறு செல்வம் அங்கு இல்லை. பெரியப்பாவுக்கு இரண்டு ஏக்கர் கொல்லை. அதில் ஐம்பது ஆண்டுகளாக அவர் கால் படாத நாள் இல்லை எனலாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் மழைக்காலம் ஒன்றில் அவருடைய கண்ணிமைகள் வீங்கின. கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் அரிப்பு உண்டாயிற்று. சொறியச் சொறியத் தோல் தடித்துக் கறுத்தது. வெயிலில் நின்றால் எரிச்சல் மிகுந்தது. மருத்துவர் ஒருவர் படை என்று சொல்லிக் களிம்பு தந்தார். ஓராண்டுக்கு மேல் அக்களிம்பைப் பூசினார் பெரியப்பா. கோடையில் சற்றுத் தணியும்; மழை வந்தால் மீண்டும் தலைகாட்டும்.

பிறகு வேறொரு மருத்துவமனையில் முதுகில் சிறு சிறு ஒட்டுகளை வைத்து, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தார்கள். ஓர் ஒட்டின் அடியில் மட்டும் தோல் சிவந்து தடித்திருந்தது. அது பார்த்தீனியச் சாறு தடவிய ஒட்டு. அச்செடியில் பார்த்தெனின் என்னும் பொருள் இருப்பதாகவும், பலருடைய உடல் அதனைப் பகையாகக் கொள்வதாகவும் மருத்துவர் விளக்கினார். செடியைத் தொட்டவர்க்கே நோய் வரும் என்பதில்லை. காய்ந்த செடியின் தூளும் பூவின் மகரந்தமும் காற்றில் வந்து முகத்திலும் கழுத்திலும் படிந்தாலே போதும். சிலருக்கு இதனால் தும்மலும் இளைப்பும் வருவதுண்டு. மருந்து நோயைத் தணிக்குமே தவிர, செடியை விட்டு விலகி இருப்பதே உண்மையான மருந்து என்றார் அவர்.

வெளியே வந்ததும் பெரியப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: "விலகி இருன்னு சொல்றாரேடா தம்பி, அந்தச் செடி இல்லாத ஊரு எங்கடா இருக்கு? நெலத்த விட்டுட்டுப் போவச் சொல்றாரா?"

அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

இச்செடி நம் நாட்டுக்கு உரியதன்று. மெக்சிகோ வளைகுடாவைச் சூழ்ந்த வெப்ப நாடுகளே இதன் தாயகம். 1955ஆம் ஆண்டு பூனா நகரில் இது பரவத் தொடங்கியதை அறிஞர் கண்டனர். அங்கிருந்து சில பத்தாண்டுகளுக்குள் நாடு முழுதும் படர்ந்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமையோடு கலந்து வந்தது என்று பலரும் கூறுவர். இதற்குக் 'காங்கிரஸ் புல்' என்றும் ஒரு பெயர் உண்டு. கோதுமை வந்த காலத்து ஆட்சியை வைத்து இட்ட பெயர் என்பர் சிலர். வெள்ளைப் பூக்கள் காந்திக் குல்லாய் போல் தோன்றுவதால் வந்த பெயர் என்பர் வேறு சிலர். அமெரிக்காவோடு பி.எல். 480 என்னும் கோதுமை ஒப்பந்தம் ஏற்பட்ட ஆண்டு 1956. பூனாவில் செடியைக் கண்டதோ அதற்கு முந்தைய ஆண்டு. ஆகவே அந்த ஒப்பந்தத்தின் மீது மட்டும் பழியைச் சுமத்துவது பொருந்தாது. எவ்வழியாக வந்திருப்பினும், வந்த விருந்தாளி திரும்பிப் போகவில்லை என்பது மட்டும் உறுதி. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் எத்தியோப்பியாவிலும் இதே செடியோடு உழவர் இன்றும் போராடுகின்றனர்.

அதன் வலிமையின் இரகசியம் விதையில் இருக்கிறது. ஒரு சிறு பூங்கொத்தின் தலையில் ஐந்து விதைகள். ஆனால் ஒரு செடியில் எத்தனை தலைகள்! நன்றாக வளர்ந்த ஒரே செடி 15,000 முதல் 25,000 வரை விதைகளைத் தரும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். காற்றிலும் நீரிலும், வண்டிச் சக்கரத்தின் சேற்றிலும், மணல் லாரியிலும், மாட்டுத் தீவனக் கட்டிலும் அவ்விதைகள் ஊர் விட்டு ஊர் போகும். நாள்தோறும் ஆயிரக்கணக்கான வண்டிகள் வந்து போகும் திருப்பதிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? 1960இல் திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. எல்லைகள் மாறின, களை மட்டும் எந்த எல்லையையும் மதிக்கவில்லை. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதி வரும் புகைவண்டியில் சன்னலோரம் அமர்ந்து பாருங்கள். இருப்புப் பாதையின் இரு மருங்கும் நம்மோடு உடன் வரும் வழித்துணை அதுவே.

விதை விழுந்து முளைத்த நான்கு முதல் ஆறு வாரங்களில் செடி பூக்கத் தொடங்கிவிடும். ஈரம் இருந்தால் ஆண்டு முழுவதும் பூக்கும். வேரிலிருந்தும் இலையிலிருந்தும் கசியும் நஞ்சு, அருகே பிற விதைகள் முளைப்பதைத் தடுக்கும். ஆடுமாடுகள் பொதுவாக இதனை விரும்புவதில்லை. வேறு வழியின்றித் தின்ற மாட்டின் பால் கசக்கும்.

இத்தனையும் நூலகத்தில் படித்து அறிந்தேன். ஆனால் எது முதன்மையானது என்பதை எனக்குக் கற்பித்தவர், எங்கள் கொல்லைக்குக் களை எடுக்க வரும் ஓர் ஆயா. பள்ளிக்கூடத்தின் படி ஏறாதவர். சென்ற ஆண்டு ஆனி மாதம் முதல் மழைக்குப் பின் வரப்பில் குந்தியிருந்தபோது, தரையோடு தரையாய்ப் படுத்திருந்த சிறு செடி ஒன்றை அவர் விரலால் சுட்டினார்.

"இது இன்னா செடி, சொல்லு தம்பி."

"மரிக்கொழுந்து மாதிரி இருக்குது ஆயா" என்றேன்.

"மாதிரிதான் இருக்கும். மோந்து பாரு, வாசனை வராது. பூ வந்தப்புறம் அத்தக் காட்டி ஊரே பேரு சொல்லும். இந்த வயசுல பாத்துச் சொல்றவங்கதான் களை எடுக்கத் தெரிஞ்சவங்க."

நண்பர்களே, இவ்வொரு வாக்கியத்தில் எல்லாம் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றிற்று. நாம் அனைவரும் இச்செடியைப் பூவால் அறிகிறோம். பூவால் அறியும்போது காலம் கடந்துவிடுகிறது. இலையால் அறிந்தால்தான் வெல்லலாம். ஆகவே இளஞ்செடியின் அடையாளங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முளைத்த சில நாட்களில் இலைகள் தண்டின்றித் தரையை ஒட்டி வட்டமாகப் பரந்திருக்கும். ஒவ்வோர் இலையும் காரட் இலை போல ஆழமாகப் பிளந்து பிளந்து இருக்கும். வட நாட்டார் இதனைக் காரட் புல் என்று அழைப்பதற்கு அதுவே காரணம். இலையின் மேல் மெல்லிய மயிர் உண்டு. நிறம் சற்றே வெளிறிய பச்சை. பிறகு நடுவிலிருந்து தண்டு எழும். தண்டின் மேல் நெடுக வரி வரியாகப் பள்ளங்கள் ஓடும். மேலே போகப் போகக் கிளைகள் பல பிரியும், இலைகள் சிறுக்கும். ஓர் ஆள் மார்பு உயரம் வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் வளரும். கடைசியில்தான் அந்த வெள்ளைப் பூ. அருகில் சென்று நோக்கினால் ஐந்து மூலைகள் தெரியும். மரிக்கொழுந்துக்கும் மாசிப்பத்திரிக்கும் மணம் உண்டு. இதற்கு அம்மணம் இல்லை. ஐயம் நேர்ந்தால் இதுவே சோதனை.

இளமையில் களைய வேண்டும் என்னும் இவ்வறிவு நமக்குப் புதியதன்று. முள் உள்ள மரத்தைக் கன்றாக இருக்கும்போதே அகற்ற வேண்டும் என்றும், முற்றவிட்டால் அகற்ற வருபவருடைய கையையே அது வருத்தும் என்றும் 'பகைத்திறம் தெரிதல்' அதிகாரத்தில் வள்ளுவர் உரைத்திருக்கிறார். அரசியல் பகையைப் பற்றிய குறள் அது. இந்தச் செடிக்கோ அது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. முற்றிய பார்த்தீனியம் தன்னைப் பிடுங்க வரும் கையைத்தான் முதலில் தண்டிக்கிறது.

இதற்கு நானே சான்று. முன்பு நான் பயின்ற ஒரு கல்லூரியில் வளாகத் தூய்மை நாள் என்று ஒன்று நடந்தது. வெள்ளைப் பூ குலுங்க நின்ற செடிகளுக்கு நடுவே மாணவர் எழுபது பேரை நிறுத்தினார்கள். கையுறை இல்லை, முகத்துக்குத் துணியும் இல்லை. பிடுங்கினோம், உதறினோம், குவித்தோம், புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று இரவு விடுதியில் பாதிப் பேருக்குக் கை எரிந்தது; பலர் விடாமல் தும்மினர். அதைக்காட்டிலும் கொடுமை, உதறிய விதையெல்லாம் அங்கேயே உதிர்ந்தது. அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாக முளைத்தது. நல்லெண்ணம் இருந்தது, நாள் தெரியாமல் போயிற்று.

எங்கள் ஊருக்குத் திரும்புவோம். வேர்க்கடலைக்கு விதைத்த இருபதாம் நாள் வாக்கில் ஒருமுறையும், நாற்பதாம் நாள் வாக்கில் ஒருமுறையும் களை எடுப்பது வழக்கம். ஆகவே பயிருக்குள் பார்த்தீனியம் பெரிதாக வளர்வதில்லை. அது வளரும் இடம் வரப்பு, வண்டிப் பாதை, வாய்க்கால் கரை, சாலை ஓரம். அந்த இடத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. ஏனெனில் அங்கே விளைச்சல் இல்லை. அங்கே முற்றிய விதை பயிருக்குள் வந்து விழுகிறது. பயிருக்குள் களை எடுக்க ஆண்டுதோறும் கூலி கூடுகிறது. பொருளாதாரம் படிப்பவன் என்ற முறையில் இதனைக் கூறுகிறேன்: யாருக்கும் சொந்தம் இல்லாத நிலத்தில் வளரும் தீமைக்கு எல்லோரும் வரி கட்டுகிறோம். எங்கள் பெரியப்பா அந்த வரியைத் தம் தோலால் கட்டினார்.

அவ்வாண்டு ஆயாவின் சொற்படி, மழை பெய்த இருபதாம் நாள் வரப்பையும் வண்டிப் பாதையையும் முதலில் சுத்தம் செய்தோம். மண் ஈரமாக இருந்ததால் ஆணிவேரோடு எளிதில் வந்தது. அரிவாளால் மேலே அறுப்பதில் பயன் இல்லை; அடியிலிருந்து மீண்டும் துளிர்த்துக் குட்டையாகவே பூத்துவிடும். பூக்காத செடிகளைக் குழியில் இட்டுச் சாணம் தெளித்து மக்கவிட்டோம், நல்ல எருவாயிற்று. ஆங்காங்கு பூத்துவிட்டவற்றைத் தனியே கோணிப்பையில் போட்டு ஆழப் புதைத்தோம். வேலைக்கு வந்த பெண்கள் அறுவருக்கும் ரப்பர் கையுறை வாங்கிச் சென்றிருந்தேன். ஆயா அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கும் வருசா வருசம் கை எரியும் தம்பி. சொன்னா, களை எடுக்கிற கை எரியாம இன்னா பண்ணும்னு சொல்லுவாங்க. உங்க பெரியப்பாவுக்கு வந்தப்புறந்தான் அதுக்கு ஒரு பேரு இருக்குதுன்னு தெரிஞ்சுது."

பெரியப்பா அப்போது கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தொலைவில் புளிய மரத்தடியில் நின்றிருந்தார். ஆயாவின் சொல் அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அடுத்த களையெடுப்புக்குக் கூலியோடு கையுறையும் அவரே வாங்கி வைத்திருந்தார்.

பிடுங்கிய இடத்தை வெறுமையாக விட்டால் மண்ணில் கிடக்கும் பழைய விதை மீண்டும் முளைக்கும். அதனால் அவ்விடத்தை நம் நாட்டுச் செடிகளால் நிரப்ப வேண்டும். தகரை, துத்தி, கொழுஞ்சி, ஆவாரை ஆகியவை பார்த்தீனியத்தோடு போட்டியிட்டு வெல்லக் கூடியவை. வரப்போரம் தகரை விதையையும் கொழுஞ்சி விதையையும் தூவினோம். சாகுபடி இல்லாத கல்லாங்குத்து நிலத்தில் மட்டும், ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் கறியுப்பு என்ற அளவில் கரைத்து வெயில் நாளில் தெளிக்கலாம். பயிர் நிலத்தில் உப்பு ஆகாது, மண்ணைக் கெடுத்துவிடும். களைக்கொல்லி மருந்துகளும் உண்டு. அவற்றை வேளாண்மைத் துறையினரைக் கேளாமல் தொட வேண்டா.

இயற்கையும் நமக்கு ஒரு துணையைத் தந்திருக்கிறது. வெண்ணிற முதுகில் பழுப்புக் கோடுகள் நெளியும் சிறு வண்டு ஒன்றை மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து ஆராய்ந்து, 1984இல் பெங்களூரில் வெளியே விட்டனர். அதுவும் அதன் புழுவும் பார்த்தீனிய இலையை அரித்துத் தின்னும். சூரியகாந்திக்கும் அதனால் கேடு வருமோ என்று இடையே ஓர் ஐயம் எழுந்தது; ஆராய்ந்தபின் அவ்வச்சம் தணிந்தது. மழை மாதங்களில் நம் விடுதியின் பின்புறத்துச் செடிகளிலும் அவ்வண்டைக் கண்டேன். ஆனால் வறண்ட மாதங்களில் அது மண்ணுக்குள் உறங்கிவிடும். ஆகவே வண்டையே நம்பி நாமும் உறங்குதல் கூடாது.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. அண்டை மாநிலமான கர்நாடகம் 1975இலேயே இதனைத் தீய களை என்று சட்டப்படி அறிவித்தது. சபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியால் ஆகஸ்டு 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நாடெங்கும் நடைபெறுகிறது. அது நல்ல பணியே. எனினும் நம் ஊரில் சூன் மாதமே மழை தொடங்கிவிட்டால், ஆகஸ்டு நடுவில் செடி பூத்து விதையும் விட்டிருக்கும். அக்டோபரில் வாடை மழை வரும்போது இரண்டாம் முறை முளைக்கும். செடிக்கு நாட்காட்டி தெரியாது. மழை மட்டுமே தெரியும். பேச்சுக்கு ஆகஸ்டு இருக்கட்டும். வேலைக்கு மழையைப் பார்த்து நாள் குறிப்போம்.

இரண்டு மழைக்காலம் இவ்வாறு செய்தபின் பெரியப்பாவின் கொல்லையில் களை அற்றுப்போயிற்று என்று சொல்ல மாட்டேன். அக்கம்பக்கத்து நிலங்களிலிருந்து விதை வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் வரப்பில் பூ இல்லை. கழுத்தின் தடிப்பு முற்றும் ஆறவில்லை. இமை வீக்கம் குறைந்திருக்கிறது. இவ்வாண்டு விதைப்பு நாளன்று துண்டைச் சுற்றிக்கொண்டு அரை நாள் தம் நிலத்தில் நின்றார். நிலத்தை விட்டுப் போகச் சொல்கிறாரா என்று கேட்டாரே, அதற்கு இப்போதைக்கு இதுவே விடை.

இங்கே நம் கண்ணெதிரில் சேஷாசல மலை நிற்கிறது. செம்மரம் விளையும் அம்மலை 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதன் அடிவாரத்துச் சாலை ஓரம் வரையில் வய்யாரி பாமா வந்து நிற்கிறாள். நம் விடுதியின் பின்புறமும் யாருக்கும் சொந்தம் இல்லாத நிலந்தான். அதனை நம்முடையது என்று நாம் சொல்லிக்கொள்ளத் தடை ஏது?

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த பருவத்தின் முதல் நல்ல மழை பெய்த நாளைச் செயலாளர் குறித்து வைக்கட்டும். அதற்கு இருபதாம் நாள் மாலை விடுதியின் பின்புறம் கூடுவோம். கையுறை சங்கத்தின் செலவில் வரட்டும். முகத்துக்குத் துணியும் முழுக்கைச் சட்டையும் அவரவர் கொண்டு வரட்டும். இளைப்பு நோயோ தோல் ஒவ்வாமையோ உள்ள நண்பர்கள் களையெடுக்க வேண்டா. தகரை விதை சேகரித்துத் தரட்டும். வளாகத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மையார்களுக்கும் அன்று கையுறை வாங்கிக் கொடுப்போம். ஆண்டு முழுவதும் அச்செடியைத் தொடும் கைகள் அவர்களுடையவை. புகைப்படம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். அப்படத்தில் ஒரு வெள்ளைப் பூவும் தெரியாதிருத்தல் வேண்டும்.